வணிகக் கல்வித் தேர்வுக்கான திருப்புதல்: எந்த முறைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது?

வணிகக் கல்வித் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது மாணவர் எடுக்க வேண்டிய முடிவு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் படிப்பது என்பதைவிட, அந்த நேரத்தை எந்த வேலைக்குக் கொடுப்பது என்பதைப் பற்றியது. பாடநூலை மீண்டும் வாசிக்கலாம். சுருக்கக் குறிப்பு எழுதலாம். நூலை மூடிவைத்துவிட்டுத் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். பழைய வினாத்தாள்களை எழுதிப் பழகலாம். மாதிரி விடைகளை நெட்டுருப் போடலாம். ஐந்துமே உழைப்புத்தான். ஆனால் ஒரு மணி நேர உழைப்புக்கு இவை திருப்பித் தரும் பலனின் அளவு வேறு. அந்தப் பலனின் வகையும் வேறு. அந்த வகையைக் கவனிக்காமல் அளவை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான், பாடம் முழுவதும் தெரிந்திருந்தும் நடுத்தர மதிப்பெண்ணுடன் தேர்வு அறையிலிருந்து வெளியே வருகிறார்கள்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கேம்பிரிட்ஜ், எடெக்செல் போன்ற தேர்வு வாரியங்கள் வணிகக் கல்வி விடைகளை நான்கு திறன்களின்படி மதிப்பிடுகின்றன: அறிவு, பயன்பாடு, பகுப்பாய்வு, மதிப்பீடு. கருத்து என்னவென்று சொல்வது அறிவு; அதை வினாவில் தரப்பட்டுள்ள நிறுவனத்தோடு பொருத்துவது பயன்பாடு; காரணத்திலிருந்து விளைவுக்கும், அந்த விளைவிலிருந்து அடுத்த விளைவுக்கும் செல்வது பகுப்பாய்வு; எதிரெதிர் வாதங்களை எடைபோட்டு ஒரு முடிவைச் சொல்லி அதற்கு நியாயம் காட்டுவது மதிப்பீடு. வேறு வாரியங்களின் பாடத்திட்டங்களில் பெயர்கள் மாறினாலும், "வரையறு", "விளக்குக", "பகுப்பாய்க", "மதிப்பிடுக" என்று ஏறிச்செல்லும் வினாச்சொற்களின் வரிசையில் இதே படிநிலை இருப்பதைக் காணலாம். ஆகவே ஒவ்வொரு திருப்புதல் முறையிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த நான்கில் எதை இது வளர்க்கிறது, எதைத் தொடாமலே விட்டுவிடுகிறது?

மீண்டும் வாசிப்பதும், வண்ணப் பேனாவால் கோடிடுவதும் மாணவர்கள் இயல்பாகக் கைவைக்கும் முறைகள். இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2013ஆம் ஆண்டில் டன்லாஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றி அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, கோடிடுதல், மறுவாசிப்பு, சுருக்கம் எழுதுதல் ஆகிய மூன்றையும் குறைந்த பயனுள்ளவை என்ற பிரிவில் வைத்தார்கள். தன்னைத் தானே சோதித்தல், இடைவெளி விட்டுப் படித்தல் ஆகிய இரண்டை மட்டுமே அதிகப் பயனுள்ளவை என்று தரப்படுத்தினார்கள். மறுவாசிப்பின் சிக்கல் அது பயனற்றது என்பதைவிட, பயனுள்ளதுபோல் தோன்றுவதுதான். சந்தைப்படுத்தல் கலவை பற்றிய பக்கத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் பழகியதாக இருக்கிறது. பழகியதைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். வெள்ளைத்தாளின் முன் உட்காரும்போதுதான் அந்த எண்ணம் கலைகிறது. ஒரு பாடத்தை முதன்முறை புரிந்துகொள்வதற்கும், சோதனையில் தவறிய ஒரு பகுதியைத் தேடிப் பார்ப்பதற்கும் வாசிப்பு அவசியம். அதற்கு மேல் அதற்கு நேரம் ஒதுக்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சுருக்கக் குறிப்பு எழுதுவதை இதே கூடையில் முழுவதுமாகப் போட்டுவிட முடியாது. பாடநூலின் வாக்கியங்களைச் சற்றே சுருக்கி அழகான கையெழுத்தில் படியெடுப்பது மறுவாசிப்பின் இன்னொரு வடிவமே. நேரம் மட்டும் மூன்று மடங்கு ஆகும். ஆனால் நூலை மூடிவைத்து, நினைவிலிருந்து ஒரு பக்கத்தில் ஒரு பாடத்தின் காரண விளைவுச் சங்கிலியை வரைந்து, பிறகு நூலைத் திறந்து விடுபட்டதை வேறு நிறத்தில் சேர்ப்பது வேறொரு வேலை. எடுத்துக்காட்டாக, "வட்டி விகிதம் உயர்கிறது" என்று தாளின் நடுவில் எழுதி, அதிலிருந்து கடன் வாங்கியுள்ள நிறுவனத்தின் வட்டிச் செலவு, வாடிக்கையாளரின் கையில் மிஞ்சும் பணம், தவணை முறையில் விற்கப்படும் பொருள்களின் தேவை, புதிய முதலீட்டைத் தள்ளிப்போடும் முடிவு என்று அம்புக்குறிகளை நீட்டிக்கொண்டே போகலாம். இது பகுப்பாய்வுக்கு நேரடியான பயிற்சி. குறிப்பு எழுதியே தீருவேன் என்பவர்கள் இந்த வடிவத்தில் எழுதட்டும்.

தன்னைத் தானே சோதித்தலுக்கு ஆதரவான சான்று வலுவானது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியைப் படித்தபின், ஒரு பிரிவினர் அதையே மீண்டும் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் 81 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மீண்டும் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நாளைக் காலைத் தேர்வு என்றால் இரவில் வாசிப்பவர் தோற்றுவிடுவதில்லை. மூன்று வாரம் கழித்துத் தேர்வு என்றால் வாசித்த நேரத்தின் பெரும்பகுதி கரைந்துபோகிறது. மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதை எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இலேயே எழுதிவைத்திருக்கிறார். மறக்கத் தொடங்கிய நேரத்தில் மீண்டும் நினைவுகூர முயல்வதுதான் இடைவெளி விட்டுப் படிப்பதன் உட்பொருள். ஒரே நாளில் ஐந்து முறை கேட்டுக்கொள்வதைவிட, இன்று, மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று மூன்று முறை கேட்டுக்கொள்வது குறைந்த நேரத்தில் நீண்ட பலன் தருகிறது.

இதை வணிகக் கல்விக்கு எப்படிக் கொண்டுவருவது? நினைவு அட்டைகளின் ஒரு பக்கத்தில் கேள்வியும் மறுபக்கத்தில் விடையும் எழுதுவது பழக்கமான வழி. வரையறைகள், சூத்திரங்கள், கோட்பாடுகளின் கூறுகள் ஆகியவற்றுக்கு இது போதும். குறுகியகாலக் கடன்களைத் தீர்க்கும் திறனைக் காட்டும் நடப்பு விகிதம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, நிறுவன வளர்ச்சி உத்திகளுக்காக 1957இல் ஆன்சாஃப் முன்வைத்த கட்டத்தின் நான்கு அறைகள் எவை, பணி ஊக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஹெர்ஸ்பர்க் எவற்றை ஊக்கக் காரணிகள் என்றும் எவற்றைப் பராமரிப்புக் காரணிகள் என்றும் பிரித்தார் என்பன போன்ற கேள்விகளுக்கு அட்டையைப் புரட்டாமல் விடை வர வேண்டும். ஆனால் அட்டை அங்கேயே நின்றுவிடுகிறது. ஹெர்ஸ்பர்க்கின் பார்வையில் சம்பளம் ஒரு பராமரிப்புக் காரணி, அதாவது குறைந்தால் அதிருப்தி தருமே தவிரக் கூடினால் ஊக்கம் தராது என்பது அட்டையில் இருக்கும். துண்டுவேலைக் கூலிக்குத் தையல் வேலை செய்பவர்கள் அதிகம் உள்ள ஒரு நிறுவனத்தில் கூலி உயர்வு உற்பத்தியைக் கூட்டுமா என்ற வினாவுக்கு கூலியே உழைப்பைத் தூண்டுகிறது என்ற எஃப். டபிள்யூ. டெய்லரின் பார்வை கூடுதலாகப் பொருந்துமா, ஹெர்ஸ்பர்க்கின் பார்வையா என்பதை எந்த அட்டையும் சொல்லாது. அட்டையின் பின்பக்கத்தில் "எப்போது இது பொருந்தாது?" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் அந்தக் குறை ஓரளவு தீரும். "நடப்பு விகிதம் 2:1 இருப்பது நல்லது" என்று எழுதிய அட்டையின் கீழே, ரொக்கத்துக்கு விற்று, சரக்கை வேகமாகச் சுழற்றி, கொள்முதலுக்குக் கடன் தவணை பெறும் சில்லறை வணிகம் 1:1க்குக் கீழேயும் சிக்கலின்றி இயங்கக்கூடும் என்று எழுதி வைத்திருப்பவர், விகிதக் கேள்வியில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறார்.

மாதிரி விடைகளை நெட்டுருப் போடும் முறை வரையறைக் கேள்விகளில் தப்பித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் சிக்கவைக்கும். பணியாளர் பயிற்சியின் நன்மைகள் ஐந்தை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தவர், வினாவில் உள்ள நிறுவனம் ஆண்டில் மூன்று மாதம் மட்டும் தற்காலிகப் பணியாளர்களை வைத்து இயங்குவது என்பதைக் கவனிக்காமலே அந்த ஐந்தையும் எழுதிவிடுவார். விடைத்தாள் திருத்துபவர் அதை உடனே இனங்கண்டுகொள்வார்: நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டாலும் அந்த விடை அப்படியே பொருந்தும். மாதிரி விடைகளுக்கு வேறொரு பயன் உண்டு. மதிப்பெண் எந்த வாக்கியத்தில் கிடைக்கிறது என்று அதன் ஓரத்தில் குறித்துப் பார்க்கலாம். அறிவு எங்கே முடிந்து பயன்பாடு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பிரிக்கலாம். மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் பிரித்துப் பார்ப்பது நெடுநாள் கைகொடுக்கும்.

இனி, பழைய வினாத்தாள்கள். இவற்றை எழுதிப் பழகுவதே சிறந்த முறை என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அந்த அறிவுரை முழுமையானது அல்ல. பழைய வினாத்தாள் ஒரு முறை மட்டுமே புதிதாக இருக்கும். பாடம் இன்னும் நினைவில் நிலைக்காத முதல் வாரத்திலேயே அண்மை ஆண்டுகளின் தாள்கள் அனைத்தையும் எழுதித் தீர்த்துவிடுபவர், கடைசி வாரத்தில் தம் உண்மையான நிலையை அளந்து பார்க்க எதுவும் இல்லாமல் நிற்பார். ஆகவே தாள்களை இரண்டாகப் பிரித்து வைப்பதுதான் முறை. பாடத்திட்டம் மாறுவதற்கு முந்தைய தாள்களையும் சற்றுப் பழைய தாள்களையும் நூலைத் திறந்துவைத்து, நேரக் கட்டுப்பாடு இல்லாமல், விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். இது வினாவின் மொழியையும் மதிப்பெண் பிரிப்பையும் கற்றுக்கொள்ளும் கட்டம். அண்மை ஆண்டுகளின் இரண்டு அல்லது மூன்று தாள்களைத் தொடாமல் வைத்திருந்து, கடைசி இரண்டு வாரங்களில் தேர்வு நேரத்தின்படி, ஒரே அமர்வில், நூலைத் தொடாமல் எழுத வேண்டும்.

இந்த முறை மற்றவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை ஒரு வினாவை வைத்துப் பார்க்கலாம். பள்ளிப் பைகள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம். ஒரு பையின் விற்பனை விலை 50. ஒவ்வொரு பைக்கும் ஆகும் மாறும் செலவு 30. மாத நிலையான செலவு 60,000. இப்போதைய மாத விற்பனை 3,600 பைகள். தொழிற்கூடத்தின் அதிகபட்ச உற்பத்தித் திறன் மாதம் 4,500 பைகள். விலையை 45ஆகக் குறைக்கலாம் என்று விற்பனை மேலாளர் சொல்கிறார். "விலையைக் குறைப்பது இந்நிறுவனத்துக்குச் சரியான முடிவா? மதிப்பிடுக."

மறுவாசிப்பில் நேரம் செலவிட்டவர், விலைக் குறைப்பால் தேவை அதிகரிக்கும், சந்தைப் பங்கு கூடும், ஆனால் இலாப வரம்பு குறையும் என்று எழுதுவார். இதில் தவறு இல்லை. ஆனால் இது உலகில் உள்ள எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் விடை. அட்டைகளில் சூத்திரங்களைப் படித்தவர் ஒரு படி மேலே போவார்: ஒரு பைக்குப் பங்களிப்பு (விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவது) 20, ஆகவே இலாப நட்டமற்ற புள்ளி 3,000 பைகள்; விலை 45 ஆனால் பங்களிப்பு 15, அந்தப் புள்ளி 4,000 பைகளாக உயர்கிறது. எண்கள் சரி, ஆனால் விடை இங்கேயே நின்றால் பகுப்பாய்வு பாதியில் அறுந்த நூலாகிவிடும்.

வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பழகியவர் இதற்கு மேல் கேட்பது வேறு. இப்போதைய இலாபம் மாதம் 12,000. விலை 45இல் அதே இலாபத்தை ஈட்ட, நிலையான செலவும் இலாபமும் சேர்ந்த 72,000ஐ 15ஆல் வகுத்தால் 4,800 பைகள் விற்க வேண்டும். அதாவது 10 சதவீத விலைக் குறைப்புக்கு விற்பனை மூன்றில் ஒரு பங்கு உயர வேண்டும். தேவையின் விலை நெகிழ்ச்சி (விலை மாறும் சதவீதத்தைப்போல் எத்தனை மடங்கு தேவை மாறுகிறது என்பது) 3.3 அளவுக்கு இருந்தால்தான் பழைய நிலையாவது மிஞ்சும். ஆனால் தொழிற்கூடம் மாதம் 4,500 பைகளுக்கு மேல் தயாரிக்க முடியாது. முழுத் திறனில் இயங்கி, தயாரித்த அனைத்தையும் விற்றாலும் இலாபம் 7,500தான். ஆகவே தரப்பட்ட தகவலின்படி விலைக் குறைப்பு இலாபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். பிறகு ஓர் "ஆனால்": போட்டி நிறுவனம் தன் விலையைக் குறைக்கும் வாய்ப்பு இருந்து, எதுவும் செய்யாவிட்டால் விற்பனை 3,000ஆகச் சரியும் என்றால் இலாபம் பூஜ்யமாகும், அப்போது 45க்கு 4,200 பைகள் விற்று 3,000 இலாபம் பெறுவது மேலான வழியாகிவிடும். ஆக முடிவு, போட்டியாளர் என்ன செய்யப்போகிறார் என்பதையே சார்ந்திருக்கிறது. அந்தத் தகவல் கிடைக்கும்வரை விலையை மாற்றாமல், மாறும் செலவு 30ஐக் குறைக்க வழி தேடுவது பாதுகாப்பானது. 4,500 என்ற அந்த ஒற்றை எண்ணை வினா அமைத்தவர் சும்மா வைத்திருக்கவில்லை. அதைக் கண்டுகொள்ளும் கண் வாசிப்பால் வருவதில்லை.

வினாத்தாள் எழுதுவதில் பாதி வேலைதான் முடிகிறது, மறுபாதி, திருத்துவது. இதைச் செய்யாதவர்களே அதிகம். விடைக்குறிப்பைப் பார்த்து மொத்த மதிப்பெண்ணைப் போட்டுக்கொள்வதோடு நின்றுவிடாமல், இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே காரணத்தை எழுத வேண்டும்: கருத்தே தெரியவில்லையா, தெரிந்தும் நிறுவனத்தோடு பொருத்தவில்லையா, "இதனால்" என்ற சங்கிலி ஒரு கண்ணியில் நின்றுவிட்டதா, முடிவு சொல்லாமல் விட்டதா, நேரம் போதவில்லையா? மூன்று தாள்களுக்குப் பிறகு இந்தப் பட்டியலே அடுத்து எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லிவிடும். முதல் காரணம் அதிகம் என்றால் அட்டைகளுக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவது அதிகம் என்றால் அம்புக்குறிச் சங்கிலிகளை வரைந்து பழக வேண்டும். நான்காவது அதிகம் என்றால் முழுத்தாள் எழுதத் தேவையே இல்லை, முடிவுரைப் பத்திகளை மட்டும் எழுதிப் பழகினால் போதும். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே கால அட்டவணையைத் தேடி அலைவதைவிட இந்தக் காரணப் பட்டியல் நம்பகமானது என்பது என் கருத்து.

பாட வரிசைப்படி படிப்பதா, கலந்து படிப்பதா என்பதும் இங்கே ஒரு தேர்வு. ரோரரும் டெய்லரும் (இவர் முன்பு சொன்ன டெய்லர் அல்ல) 2007இல் வெளியிட்ட கணிதச் சோதனையில், ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதமும், பல வகைகளைக் கலந்து செய்தவர்கள் 60 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முதல் பிரிவினருக்கு 20, இரண்டாம் பிரிவினருக்கு 63. அது வணிகக் கல்வியில் நடந்த சோதனை அல்ல. எனினும் காரணம் இங்கும் பொருந்துகிறது. விகிதப் பாடத்தின் முடிவில் உள்ள பயிற்சியைச் செய்யும்போது எந்தச் சூத்திரம் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தேர்வில், "இந்நிறுவனம் வங்கிக் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் ஏன் சிரமப்படுகிறது?" என்று கேட்டால், அது பணப்பாய்ச்சல் கேள்வியா, இலாப விகிதக் கேள்வியா, சரக்கு மேலாண்மைக் கேள்வியா என்று யாரும் தலைப்பிட்டுத் தருவதில்லை. புரிந்துகொள்ளும் கட்டத்தில் வரிசையும், திருப்புதல் கட்டத்தில் கலப்பும் என்று வைத்துக்கொள்ளலாம். கலந்து படிக்கும்போது மதிப்பெண் குறைவதைக் கண்டு பயந்து பழைய வரிசைக்கே திரும்பிவிடக் கூடாது.

தனியாகப் படிப்பதா, குழுவாகப் படிப்பதா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. மனப்பாடப் பகுதிகளுக்குக் குழு நேரவிரயம். மதிப்பீட்டுக் கேள்விகளுக்கு மட்டும் இருவரோ மூவரோ சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் நிறுவனம் கிளை திறக்க வேண்டும் என்றும் மற்றவர் கூடாது என்றும் வாதிட்டுப் பார்ப்பதில் பலன் உண்டு. தனியாக எழுதும்போது வராத எதிர்வாதம் அங்கே தானாக வரும். விடைத்தாள்களை மாற்றிக்கொண்டு ஒருவர் மற்றவருடையதைத் திருத்துவதும் நல்லது. நம் விடையில் நாம் சொல்ல நினைத்ததையும் சேர்த்து வாசித்துவிடுகிறோம். அடுத்தவர் எழுதியிருப்பதை மட்டுமே வாசிக்கிறார்.

வரக்கூடிய வினாக்களை ஊகித்து அவற்றை மட்டும் படிப்பதா, பாடத்திட்டம் முழுவதையும் படிப்பதா? இரண்டு ஆண்டு வராத பாடம் இந்த ஆண்டு வரும் என்ற கணக்கு, கட்டுரை வினாக்களில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புத் தாராளமாக உள்ள தாள்களில் சில சமயம் பலிக்கும். நிறுவன விவரத்தைக் கொடுத்து எல்லா வினாக்களையும் கட்டாயமாக்கும் தாள்களில் அது ஆபத்தான சூதாட்டம். ஒரே வினாவில் நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் மூன்றும் கலந்து வரும். நேரம் உண்மையிலேயே இல்லை என்றால் பாடங்களைக் கைவிடுவதைவிட ஆழத்தைக் குறைப்பது மேல்: ஒவ்வொரு பாடத்திலும் முக்கியக் கருத்துகள் நான்கைந்தும், அவற்றில் ஒவ்வொன்றும் பொருந்தாத ஒரு சூழலும் தெரிந்திருந்தால், எந்த வினாவிலும் முற்றிலும் வெறுங்கையாக நிற்க நேராது.

தேர்வு அறைக்குள்ளும் சில முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றை அங்கே போய் யோசிக்காமல் முன்கூட்டியே தீர்மானித்திருப்பது நல்லது. 90 நிமிடத்தில் 80 மதிப்பெண் கொண்ட ஒரு தாளை எடுத்துக்கொண்டால், நிறுவன விவரத்தை வாசித்து எண்களையும் தடைகளையும் அடிக்கோடிட 10 நிமிடம், பிறகு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு நேராக வருகிறது. (படிப்பதில் பயனில்லாத அடிக்கோடு இங்கே பயன்படுகிறது, ஏனெனில் இங்கே கோடிடுவது நினைவில் வைப்பதற்காக அல்ல, தேடாமல் எடுப்பதற்காக.) 12 மதிப்பெண் வினாவுக்கு 12 நிமிடம் என்றால், முதல் இரண்டு நிமிடத்தைத் திட்டமிடவும் கடைசி இரண்டு நிமிடத்தை முடிவுப் பத்திக்கும் விட்டுவைக்க வேண்டும். திட்டமிடாமல் உடனே எழுதத் தொடங்குபவர் நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணுகிறார். மூன்றாவது பத்தியில் முதல் பத்தியை மறுத்து எழுத நேரும்போது அந்த மிச்சம் காணாமல் போய்விடுகிறது.

ஐந்து கருத்துகளைச் சொல்லிச் செல்வதா, இரண்டை விரித்து எழுதுவதா என்பதில் வினாச்சொல்தான் தீர்ப்பு வழங்க வேண்டும். "குறிப்பிடுக" என்றால் பட்டியல் போதும். அதில் விளக்கம் எழுதுவது நேர இழப்பு. "பகுப்பாய்க" என்றோ "மதிப்பிடுக" என்றோ இருந்தால், விரித்து எழுதப்பட்ட இரண்டு கருத்துகள் தொட்டுச் சென்ற ஐந்தை வெல்லும். காரணம், பகுப்பாய்வுக்கான மதிப்பெண் சங்கிலியின் நீளத்துக்குக் கிடைப்பதே தவிரச் சங்கிலிகளின் எண்ணிக்கைக்கு அல்ல. கணக்கு வினாவைத் தள்ளிப்போடுவதா, முதலில் செய்வதா என்று குழம்புபவர்கள் முதலில் செய்துவிடுவது நல்லது: பின்வரும் வினாக்கள் பெரும்பாலும் அந்த விடையை எடுத்துப் பயன்படுத்தச் சொல்கின்றன. படிகளைக் காட்டி எழுதினால், இறுதி எண் பிழையானாலும் வழிமுறைக்கான மதிப்பெண்ணைப் பல விடைக்குறிப்புகள் தருகின்றன. கணிப்பானில் தட்டி விடையை மட்டும் எழுதியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பல்தேர்வு வினாக்களில் முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்பது வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வரும் அறிவுரை. க்ரூகரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 1,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களைப் பார்த்தார்கள்: மாற்றங்களில் 51 சதவீதம் தவறிலிருந்து சரிக்குப் போனவை; 25 சதவீதம் மட்டுமே சரியிலிருந்து தவறுக்குப் போனவை. மாற்றித் தவறியது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் அந்த அறிவுரை இன்னும் உயிரோடு இருக்கிறது. வினாவில் "அல்லாதது எது" என்ற சொல்லைக் கவனிக்கத் தவறியதையோ, மாறும் செலவை நிலையான செலவாக எடுத்துக்கொண்டதையோ இரண்டாம் பார்வையில் கண்டுபிடித்தால் தயங்காமல் மாற்றலாம். காரணம் எதுவும் இல்லாமல் படபடப்பில் மாற்றுவது வேறு விஷயம்.

இனி நேரப் பங்கீடு. எட்டு வாரம் இருப்பவர், முதல் மூன்று வாரங்களில் பாதி நேரத்தை நினைவிலிருந்து சோதிப்பதற்கும், மீதியைப் பழைய தாள்களைத் திறந்த நூலோடு எழுதுவதற்கும் கொடுக்கலாம். நான்காம் வாரத்திலிருந்து பாடங்களைக் கலந்து, வாரம் ஒரு நீண்ட வினாவையாவது நேரம் வைத்து எழுதி, அதைத் திருத்திக் காரணப் பட்டியலை நிரப்ப வேண்டும். கடைசி இரண்டு வாரங்கள் தொடாமல் வைத்திருந்த தாள்களுக்கு. மூன்று வாரம் இருப்பவருக்குக் குறிப்பு எழுத நேரம் இல்லை: முதல் நாளிலேயே ஒரு முழுத்தாளை எழுதித் திருத்தி, எங்கே மதிப்பெண் போகிறது என்று கண்டு, அங்கே மட்டும் நூலைத் திறக்க வேண்டும். இது தாள்களைச் சேமித்து வைக்கும் விதிக்கு முரண்படுகிறது. இவருக்கு அது தெரிந்தே செய்யும் செலவு.

மூன்று நாள் மட்டும் இருப்பவருக்கு முழுத்தாள் வேண்டாம். முதல் நாள் சூத்திரங்களும் வரையறைகளும் அட்டைகளில். இரண்டாம் நாள் பழைய தாள்களிலிருந்து அதிக மதிப்பெண் வினாக்கள் ஆறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விடையை எழுதாமல் திட்டத்தை மட்டும் ஐந்து நிமிடத்தில் வரைந்து, விடைக்குறிப்போடு ஒப்பிட வேண்டும். மூன்றாம் நாள் முதல் நாளின் அட்டைகளில் தவறியவற்றை மட்டும் மீண்டும் கேட்டுக்கொண்டு, கணக்கு வினா இரண்டைப் படிகளோடு எழுதிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் நேரம் இருந்தால், நெகிழ்ச்சி, பங்களிப்பு, நடப்பு விகிதம் ஆகிய மூன்றில் ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்று ஒரு வரி எழுதிப் பார்க்கலாம்.